புழுக்கொட்டகையின் கதவுக்கு வெளியே

இயேசு மரி சூசை துணை

அன்பு மகன் சேவியருக்கு அம்மா எழுதுவது.

போன வருஷம் அந்த மூன்று நாளும் நம் பட்டுப்புழுக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். ஆள்கணக்குச் சரியாக இருந்தால்தான் எனக்கு மேற்கொண்டு எழுத வரும். உங்கள் பல்கலைக்கழகத்து மேடம் ஒருவர். நீ ஒருவன். அதியமான்கோட்டை முருகேசன். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்த பொன்னன். கிருஷ்ணகிரி அன்வர். வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசுகிற லீலாவதி. காப்பி வேண்டாம், பால் போதும் என்று சொன்ன அவள் தோழி கமலா. காரிமங்கலத்துப் பக்கத்துக் கோவிந்தன். ஆக எட்டுப் பேர். கதவுக்கு வெளியே இருந்தது நானும் அப்பாவும். பக்கத்துத் தோட்டத்துத் தெரசா அக்கா முதல் நாளே வந்துவிட்டார். அவர் புண்ணியத்தில் ஊரில் பாதி வெளியே வந்து நின்றது. மூன்றாம் நாள் கோவிந்தனுடைய அப்பா மாணிக்கம் வந்தார்.

உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. வெளியே நடந்தது எனக்கு முழுக்கத் தெரியும், உனக்குப் பாதிதான் தெரியும். மிச்சப் பாதியை இத்தனை நாள் கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வாரம் வந்த உன் கடிதம். இரண்டு இடத்திலிருந்து உனக்கு வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஒன்று பேங்க். நிரந்தரம், பென்ஷன் உண்டு, தர்மபுரியிலேயே போட்டாலும் போடுவார்கள். இன்னொன்று நீ படித்த இடத்திலேயே, மேடம் ஆரம்பித்து வைத்த மாணவர் குழுக்களை நடத்துகிற வேலை. அது வருஷா வருஷம் புதுப்பித்துக் கொடுத்தால்தான் உண்டு. மாதம் முடிவதற்குள் ஏதாவது ஒன்றுக்கு ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, “அப்பாவும் நீங்களும் எதைச் சொல்கிறீர்களோ அதைச் செய்கிறேன்” என்று முடித்திருந்தாய். அந்த வரியை அப்பா இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை, கண்ணு. பெற்றவர்களுக்கு அடங்கின பிள்ளை என்று மகிழ வேண்டிய இடத்தில் ஏன் பிடிக்காமல் போனது என்று நான்கு நாளாக ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் யோசித்தேன். புரிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நீ பல்கலைக்கழகம் போன முதல் வருஷத்து இன்லண்ட் லெட்டர்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. “நலம். நலமறிய ஆவல். பணம் கிடைத்தது.” மடிக்கிற கோட்டுக்கு மேலேயே முடிந்துவிடும், கீழே தாள் வெறும் நீலமாகக் கிடக்கும். நான் பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவள். ஜெபப் புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டப் பழகி, பிறகு நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் பாடத்தையே நானும் படித்துத் தேறியவள். எழுதியதைப் படிக்க எனக்கு நேரமாகும். எழுதாமல் விட்டிருப்பது சட்டென்று தெரிந்துவிடும். தமிழில் படித்துப் பரிசு வாங்கின பிள்ளை, அங்கே எல்லாம் இங்கிலீஷில் நடக்கும்போது வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்பது எனக்கு யாரும் சொல்லித் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் எழுந்து வந்தாய். அப்பா கூட, “படிக்கிற பையன், களைப்பா இருப்பான், உடு” என்று சொன்னார். நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் நடுவில் உன் கடிதம் நீள ஆரம்பித்தது. ஒரு மேடம் வாரம் ஒரு நாள் உன்னைப் போன்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு வட்டமாக உட்கார வைக்கிறார், அவரவர் கஷ்டத்தை அவரவர் சொல்லலாம், மற்றவர்கள் கேட்பார்கள், அதற்குப் பெயர் குரூப் என்று எழுதினாய். அதற்கப்புறம் ஓரம், மூலை, மடிப்பு என்று ஓர் இடம் விடாமல் எழுத்து. கோந்து தடவுகிற பட்டையில்கூட எழுதி அனுப்பினாய். பிரிக்கும்போது அந்த இரண்டு வரி கிழிந்துபோக, அது என்ன என்று நான் கேட்டு எழுத, அதற்கு நீ போட்ட பதிலிலும் இடம் போதவில்லை. அந்த மேடத்தை அப்போது நான் பார்த்தது இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவர் பெயரையும் என் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

ஆகவே போன வருஷம் போராட்டம் என்று பல்கலைக்கழகத்தைக் காலவரையில்லாமல் மூடி, ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னபோது, நீ வந்து கொட்டகையைக் கேட்டது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. அப்போது நீ எம்.ஏ. மாணவன், மேடத்துக்குத் துணையாக அந்தக் குரூப்பை நடத்துகிறவன். ஆறு பிள்ளைகளும் நம் ஜில்லாப் பிள்ளைகள். பாதியில் நின்றால் கெட்டுவிடும் என்றாய். நம் கொட்டகையோ அப்போது காலி. போன தடவைக் கூடு விற்றாகிவிட்டது, அடுத்த முட்டை இன்னும் வாங்கி வரவில்லை. அப்பாதான் இழுத்தார்.

“ஷெட்டா? எதுக்குடா?”

“பேசறதுக்குங்கப்பா.”

“பேசறதுக்கு வூடு இல்லையா? அத்தாம்பெரிய புளியமரம் இருக்குது, அதுங்கீழ உக்காந்து பேசேன்.”

“வூட்ல யாராச்சும் வந்துட்டே இருப்பாங்கப்பா. கதவு சாத்தற எடம் வேணும். உள்ள பேசினது வெளிய போவக்கூடாது. யாரும் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது. அதுதான் எங்க முறை.”

“புத்தி சொல்லக்கூடாதா?” என்று அப்பா என்னைப் பார்த்தார். “பின்ன மூணு நாளு உக்காந்து என்னாதான்டா பேசுவீங்க?”

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதைவிடப் பெரிய சந்தேகம், குருவானவர் இல்லாமல் பிள்ளைகள் தங்களுக்குள் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் செய்கிறார்களோ, அதற்கு நான் இடம் கொடுத்தால் அது எந்தக் கணக்கில் சேரும் என்பது. உன்னிடம் சொல்லாமல் மாதா கோவிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரைக் கேட்டேன். “அங்க மன்னிப்பு யாரு குடுக்கறாங்க?” என்று கேட்டார். “யாரும் குடுக்கறதில்லைங்க சாமி, சும்மா கேட்டுகிட்டு இருக்காங்களாம்” என்றேன். “அப்ப அது பாவசங்கீர்த்தனம் இல்ல. அடுத்தவங்க சொல்றதக் காது குடுத்துக் கேக்கறதுக்குக் குருப்பட்டம் வேணுமா? போங்க, போய்ப் புள்ளைங்களுக்குக் காப்பி போட்டுக் குடுங்க” என்று அனுப்பிவிட்டார். 

மனசு லேசாகிவிட்டது. லேசான மனசோடு நான் செய்த வேலைதான் அந்த மூன்று நாளையும் ஆட்டிவைத்தது. படித்த பிள்ளைகளும் ஒரு பெரிய படிப்புப் படித்த அம்மாவும் வந்து உட்காரப்போகிற இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா? நமக்குத் தெரிந்த சுத்தம், புதுப் புழு ஏற்றுவதற்கு முன்னால் செய்கிற சுத்தம்தானே. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, முந்தின நாள் பார்மலின் மருந்தை மூலை முடுக்கெல்லாம் தெளித்து, விருந்தாளிகளுக்கு என்று ஒரு பங்கு கூடவே தெளித்து, கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்தி வைத்தேன். காலையில் கதவைத் திறந்து காற்று விட்டேன். நீங்கள் உள்ளே போனதும் பேச்சு வெளியே கேட்கக் கூடாது என்று மறுபடி எல்லாவற்றையும் சாத்திக்கொண்டீர்கள்.

கொஞ்ச நேரம் கழித்து நீ ஜன்னலைத் திறந்தாய். அந்த நேரம் பார்த்துத் தெரசா அக்கா அந்தப் பக்கம் மல்பெரி இலை பறித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்திருக்கிறார். வட்டமாக எட்டுப் பேர். எட்டுப் பேரும் கண்ணைத் துடைக்கிறார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. இலைக் கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். அரை நாழிகைக்குள் நம் வாசலில் பெண்டுகள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வந்து நின்றுவிட்டார்கள்.

“யாருக்கா? எப்போ ஆச்சு?”

“என்னாடி எப்போ ஆச்சு?”

“மறைக்காதக்கா. தெரசாக்கா கண்ணால பாத்திருக்குது. உம் பையனோட படிச்ச புள்ளயா? கெணத்துலயா?”

நான் பதில் சொல்வதற்குள் கோவில் உபதேசியார் ஆள் அனுப்பிவிட்டார், துக்க மணி அடிக்கலாமா, யார் பெயருக்கு அடிக்க வேண்டும் என்று. அந்தச் சமயம் மேடம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார், மூக்கும் கண்ணும் சிவந்து, சிரித்துக்கொண்டே. “அம்மா, உள்ள என்ன மருந்து அடிச்சீங்க? முதல் கால் மணி நேரம் நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன், இந்த குரூப் இவ்வளவு சீக்கிரம் மனசு திறந்துடுச்சேன்னு!” என்றார். பெண்டுகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் செத்தவர் யாரும் இல்லை என்பது புரிந்தது. வந்ததற்கு ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டுத்தான் போனார்கள். தெரசா அக்கா வீட்டுக்காரர் கோவிந்தனைப் பிடித்துக்கொண்டார். காரிமங்கலத்தில் எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, எத்தனை தட்டுப் புழு என்று எல்லாம் கேட்டார். மறுநாள் அவர் ஆடு பிடிக்கக் காரிமங்கலம் சந்தைக்குப் போனார். போன இடத்தில் மாணிக்கத்தைத் தேடிப் பிடித்து, உங்கள் பையன் எங்கள் ஊரில் ஒரு ஷெட்டுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நல்லது செய்ததாகத்தான் அவருக்கு நினைப்பு.

மூன்றாம் நாள் நீங்கள் உள்ளே இருக்கும்போது மாணிக்கம் வந்தார். இதிலிருந்து கதவு திறக்கும் வரைக்கும் உனக்குத் தெரியாது. தோளில் துண்டு, கையில் ஒன்றும் இல்லை, முகத்தில் தூக்கமும் இல்லை.

“எங்கீங்க எம் பையன்?”

“உள்ள பேசிட்டு இருக்காங்க. வாங்க, மொதல்ல தண்ணி குடிங்க.”

“தண்ணி குடிக்க வரலீங்கம்மா. ஆஸ்டல்லயே தங்கிப் படிக்கறேன்னு லெட்டர் போட்டிருக்கறான். இங்க வந்து அழுதுட்டு இருக்கான்னு சந்தையில சொல்றாங்க. என்ன பண்றீங்க எம் பையன?”

“அது மருந்து நெடிங்க. பார்மலின். நான்தான் கூடப் போட்டுட்டேன்.”

“மூணு நாளாவா நெடி?”

 இரண்டாம் நாள் ஜன்னல் எல்லாம் திறந்துதான் கிடந்தது. இரண்டாம் நாளும் கோவிந்தன் கண் சிவந்துதான் சாப்பிட வந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய். மாணிக்கம் என்னைத் தாண்டிக் கதவில் கையை வைத்தார். அப்பா ஒதுங்கி நின்றார். ஒரு தகப்பன் தன் பிள்ளையைப் பார்க்கப் போகிறான், நாம் யார் தடுக்க என்று அவருக்கு. எனக்கோ, கதவு இப்போது திறந்தால் அந்தப் பிள்ளை இனி எந்தக் கதவுக்குப் பின்னாலும் வாய் திறக்க மாட்டான் என்று பட்டது.

“நீங்களும் பட்டுப்பூச்சி வளக்கறீங்களா?” என்று கேட்டேன்.

“வளக்கறேன். அதுக்கென்ன இப்போ?”

“தோலுரிக்கப் படுத்திருக்கறப்போ தட்டுல கைய வெப்பீங்களா?”

அவர் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் தள்ளவும் இல்லை. “பூச்சிய உட்டா அதுவா எந்திரிச்சுக்குங்க. பையன் எந்திரிப்பானா?” என்றார்.

“எனக்குத் தெரியலீங்க. எம் பையன் எந்திரிச்சான்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்குமேல் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. அவர் போய்க் கவிழ்த்து வைத்திருந்த கூடைமேல் உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து இலை விலை, மழை, கூடு விலை என்று பேச்சுக் கொடுத்தார். மாணிக்கம் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், கண் மட்டும் கதவிலேயே இருந்தது. தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் தெரசா அக்காவும் இன்னும் சிலரும் இலை பறிப்பதுபோல நின்றார்கள்.

கதவு திறந்த பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் நான் எழுதுகிறேன். நீ நின்ற இடத்திலிருந்து உன்னை நீ பார்த்திருக்க முடியாது. அப்பாவைக் கண்டதும் கோவிந்தன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். மாணிக்கத்துக்கும் பெற்ற பிள்ளையை நேராகக் கேட்க வாய் வரவில்லை. உன்னிடம்தான் வந்தார்.

“தம்பி, நீங்கதான் இதுக்குப் பெரியாளுன்னாங்க. எம் பையன் உள்ள என்ன சொன்னான்?”

“அத நான் சொல்லக்கூடாதுங்க.”

“நான் அவனப் பெத்தவன்.”

“தெரியுங்க. அதனாலதான் அவன்கிட்டயே கேளுங்கன்னு சொல்றேன்.”

அப்போது அப்பா குறுக்கே வந்தார். “டேய், பெரியவரு ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்காரு. உள்ளதச் சொல்லித் தொலடா! என்னா மறைப்பு வேண்டிக் கெடக்குது?” என்று ஊரே கேட்கும்படி அதட்டினார். அவர் அதட்டினால் நீ எப்போதும் தலையைக் குனிவாய். குனிந்துதான் பழக்கம். அன்றைக்கு நீ குனியவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. மெதுவாகச் சொன்னாய்: “அப்பா, நான் சொன்னா அது என் பேச்சாயிடும். அவனோடத அவன்தான் சொல்லணும். அவனுக்கு வாய் இருக்குதுங்கப்பா.” சொல்லிவிட்டு நீ போய்க் கோவிந்தன் பக்கத்தில் நின்றாய். அவனை முன்னால் தள்ளவில்லை, அவனுக்கு முன்னால் மறைத்துக்கொண்டும் நிற்கவில்லை. பக்கத்தில் நின்றாய். மேடம் உன் வேலையை உன்னிடமே விட்டுவிட்டார்.

கோவிந்தன் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தான். அப்புறம், “அப்பா, நான் பெயிலுங்க” என்றான்.

“எதுல?”

“மூணு பாடம். போன வருசமே. பாஸுன்னு எழுதினதெல்லாம் பொய்ங்க. கிளாஸ்ல சொல்றது புரியல, கேக்கறதுக்கும் பயம். ஊருக்கு வந்தா உங்க மூஞ்சியப் பாக்கணுமேன்னுதான் ஆஸ்டல்ல இருக்கறேன்னு எழுதினேன். படிப்ப உட்டுட்டு எங்கியாச்சும் போயிடலாம்னு இருந்தேன்.”

மாணிக்கம் துண்டை எடுத்து மடித்தார், மறுபடி பிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் இலைகூட யாரும் பறிக்கவில்லை.

“மொத்தம் எத்தன பாடம்?”

“எட்டுங்க.”

“மிச்சம் அஞ்சு?”

“பாஸுங்க.”

“அந்தப் புரியாத இங்கிலீசுலயா?”

“ஆமாங்க.”

“அடப்பாவி, புரியாமயே அஞ்சு பாஸு பண்ணினவனுக்குப் புரிஞ்சா மூணு எம்மாத்தரம்? இதுக்காடா எட்டுப் பேரு சேந்து மூணு நாளா அழுவறீங்க?”

“அது மருந்துங்க!” என்று அன்வர் பின்னாலிருந்து கத்தினான். பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கமும் சிரித்தார்கள். மாணிக்கமும் சிரித்தார், சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கொட்டகைக்குள் காலே வைக்கவில்லை. அவருக்கு எந்த நெடி பட்டதோ. பிறகு அப்பனும் பிள்ளையும் மல்பெரித் தோட்டத்துக்குள் போய்விட்டார்கள். சோறு ஆறிப்போகும்வரை வரவில்லை.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. அப்பாவைக் கேட்டு, அவர் “எழுது” என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். உங்கள் முறையை நானும் கற்றுக்கொண்டேன் பார். நீங்கள் எல்லாரும் பஸ் ஏறிப் போன பிறகு அப்பாவும் நானும் கொட்டகையைக் கூட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, “நான் அத்தன பேரு முன்னால அதட்டினேன், அவன் சொல்லல பாத்தியா” என்றார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்து, “சின்னப் பையன், உடுங்க” என்றேன். “சின்னப் பையனா? எனக்குப் பயந்தவனா இருந்தா அந்தப் புள்ளயோட மானத்த எங் கையில குடுத்துட்டுப் போயிருப்பான். நானும் அத வாங்கி ஊர்ல கொட்டியிருப்பேன். இவன்கிட்ட ஒருத்தன் நம்பி ஒண்ணச் சொல்லலாம்” என்றார். பிறகு தட்டை அடுக்கினார். உன்னை நேரில் பார்த்தால் இதைச் சொல்ல அவருக்கு வராது என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு கூடு மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம், உங்கள் பையன் என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால், எம்.ஏ. என்று சொல்லாமல், “வாயத் தொறக்காத புள்ளைங்களப் பேச வெக்கற படிப்புங்க” என்று சொல்லுகிறாராம். கேட்டவர்கள் வந்து என்னிடம் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

போன மாதம் மாணிக்கம் வந்திருந்தார். கோவிந்தன் அந்தப் பாடங்களில் இரண்டை முடித்துவிட்டான், ஒன்றுதான் பாக்கி, அதையும் முடித்துவிடுவான் என்றார். “முன்னல்லாம் நலம், நலம்னு எழுதுவானுங்கம்மா. இப்போ லெட்டர்ல என்னையத் திட்டறான், பீடிய உடுன்னு” என்று சொல்லி, மடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து அப்பாவிடம் காட்டினார். திட்டு வாங்கியதை இவ்வளவு பெருமையாகக் காட்டுகிற மனிதரை நான் பார்த்ததில்லை.

இப்போது உன் வரிக்கு வருகிறேன். “நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.” அத்தனை பேர் பார்க்க நின்று, கோவிந்தன் பேச்சைக் கோவிந்தன்தான் பேச வேண்டும் என்று சொன்னவன் நீ. உன் பேச்சை மட்டும் நாங்கள் பேச வேண்டும் என்கிறாயே, அது எப்படி? அன்றைக்கு அப்பாவை எதிர்த்துவிட்டோம், அதற்கு ஈடாக இந்த முறை அடங்கிப்போவோம் என்று உனக்குள் ஒரு நினைப்பு இருந்தால் அதை எடுத்துப் போட்டுவிடு. அவருக்கு அதில் வருத்தம் இல்லை என்பதற்காகத்தான் மேலே அவ்வளவும் எழுதினேன். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அப்பாவுக்குப் பேங்க்தான் ஆசை. பெருமை வேறு, ஆசை வேறு. அவர் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறார், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. என் ஆசை என்ன என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் நீ அதற்குத் தலையை ஆட்டிவிட்டு, அதுதான் உன் ஆசை என்று நீயே நம்பிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? வீட்டுக் கஷ்டத்தை நினைத்தும் முடிவு எடுக்காதே. கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், இந்த வீடு உன் சம்பளத்தில் நிற்கவில்லை, கொட்டகையும் தோட்டமும் எங்களைத் தாங்கும்.

புத்தி சொல்லக்கூடாது என்பது உன் குரூப்புக்கு. இது என் கடிதம், இரண்டு புத்தி சொல்வேன். பேங்குக்குப் போனால் அதைத் தோற்றுப்போய்ப் பிடித்த வேலை என்று நினைக்காதே. அந்தக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் எங்களைப் போன்றவர்கள் வந்து, எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்போம். அவர்களை நீ நிமிர்ந்து பார்த்துப் பேசினால் அதுவும் நீ கற்ற கல்விதான். குழு நடத்துகிற வேலைக்குப் போனால், பிறர் கஷ்டத்தை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு உன் கஷ்டத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுக்காதே. நீ போய்ச் சொல்லவும் ஒரு வட்டம் வேண்டும். மேடம் இருக்கும்வரை அவரிடம் போ. பிறகு யார் என்று இப்போதே தேடு. எந்த வேலையானாலும் ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே, காலையில் சாப்பிடாமல் கிளம்பாதே. ஒவ்வொரு நாளும் சாயந்திர ஜெபத்தில் உன்னை ஒப்புக்கொடுக்கிறேன். இந்த வேலை கிடைக்கட்டும், அந்த வேலை கிடைக்கட்டும் என்று கேட்பதில்லை. என் மகனுக்கு அவன் வாய் திறக்கட்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

எது என்று நீயே முடிவு செய். முடிவு செய்ததை அப்பா பெயருக்கு எழுது, எனக்கு வேண்டாம். “நான்” என்று தொடங்கி எழுது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். பிடிக்கவில்லை என்றால் ஒரு நாள் பேசாமல் இருப்பார், மறுநாள் மார்க்கெட்டில் போய்ச் சொல்லிக்கொள்வார். மாதம் முடிய அதிக நாள் இல்லை. இது கிடைத்தவுடன் உட்கார்ந்து பதில் போடு.

உன் அம்மா